ஹாட் ஹாட்ச்: சின்ன காரிடம் ரசிகர்கள் கேட்பது என்ன?

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். கார் ஓட்டுவதில் எனக்கு ருசி பிடித்தது அந்தச் சாலையில்தான், மாமாவின் பழைய மாருதி ஜென்னில். 993 சிசி எஞ்சின், 50 குதிரைத்திறன். எண்ணை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கார் தரையோடு தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். எடை 800 கிலோகூட இல்லை. ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பினாலே மூக்கு அந்தப் பக்கம் போய்விடும். இரண்டாவது கியரில் எஞ்சினைக் கத்தவிட்டு, மூன்றாவது போட்டு, வளைவு வந்ததும் மறுபடி இரண்டாவதுக்கு இறக்கி, இப்படியே ஒன்பதாவது வளைவு வரை போய் லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் நிறுத்தும்போது உள்ளங்கை வேர்த்திருக்கும். வேகம் 40-ஐத் தாண்டியிருக்காது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கண்ணு, வளைவுக்குள்ள பூந்ததுக்கப்புறம் பிரேக்கத் தொடாத. முன்னாலயே முடிச்சுக்கோணும்." ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. அதற்கான காரணம் இந்தக் கட்டுரையின் நடுவில் வருகிறது.

கார் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் "நம்ம ஊருக்கு ஒரு நல்ல ஹாட் ஹாட்ச் வரமாட்டேங்குதே" என்ற பேச்சு எப்படியும் வரும். புதிதாகக் கேட்பவருக்கு இது வேகப் பைத்தியம் போலத் தெரியலாம். உண்மையில் அவர்கள் கேட்பது வேகத்தை அல்ல. என்ன கேட்கிறார்கள், அது ஏன் கிடைப்பதில்லை என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பெயரில் இருந்தே தொடங்கலாம். டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது செடான். டிக்கி தனியாக இல்லாமல், பின்கண்ணாடியும் சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் ஒரே கதவாக இருந்தால் அது ஹாட்ச்பேக். ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ எல்லாம் இந்த வகை. அலுவலகத்துக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, மளிகை வாங்கி வர என்று செய்த அந்தச் சாதாரணக் காருக்குள் பலமான எஞ்சின், விறைப்பான சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருந்து குலுக்கலைத் தாங்கும் அமைப்பு), நல்ல பிரேக், நல்ல டயர் வைத்தால் அது ஹாட் ஹாட்ச். அதாவது ஸ்போர்ட்ஸ் காரும் குடும்பக் காரும் ஒன்றேயாக இருப்பது. இரண்டு கார் வாங்க வசதியில்லாதவருக்கு ஒரே காரில் இரண்டும் கிடைக்கிறது. இதுதான் அந்த வகையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

எஞ்சினைக் குறுக்கே திருப்பிய மனிதர்

1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தபோது பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. குறைவாகக் குடிக்கும் சின்ன கார் வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தது மினி. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்; விற்பனைக்கு வந்தது 1959-இல். மொத்த நீளம் சுமார் 3.05 மீட்டர்தான். அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும்.

அதுவரை பெரும்பாலான கார்களில் எஞ்சின் நீளவாக்கில் படுத்திருக்கும். பின்சக்கரங்களைச் சுழற்ற ஒரு நீண்ட தண்டு காரின் வயிற்றுக்கடியில் ஓடும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே செருகினார். முன்சக்கரங்களே காரை இழுத்தன. நீளத் தண்டு தேவையில்லை என்றானதும் உள்ளே இடம் கிடைத்தது. வெறும் 10 அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். இதெல்லாம் இடம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது: அந்தக் குட்டிக் கார் வளைவுகளில் பெரிய கார்களைத் திணறடித்தது.

அதைக் கண்டுகொண்டவர் ரேஸ் கார் செய்துகொண்டிருந்த ஜான் கூப்பர். 1961-இல் மினி கூப்பர் வந்தது: 997 சிசி, 55 குதிரைத்திறன். பிறகு இன்னும் கூர்மையான கூப்பர் எஸ். 1964 மான்டி கார்லோ ராலியில் 1,071 சிசி கூப்பர் எஸ்ஸை ஓட்டிய பேடி ஹாப்கிர்க், 4.7 லிட்டர் ஃபோர்டு ஃபால்கனைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். 1965-இலும் 1967-இலும் மறுபடி மினிதான். பனி படிந்த மலைப்பாதையில் எஞ்சின் அளவு செல்லுபடியாகவில்லை.

இன்றைய சின்ன கார்களின் எலும்புக்கூடு ஏறக்குறைய அதேதான், ஒரு திருத்தத்தோடு. கியர்பாக்ஸை அடியில் வைக்காமல் எஞ்சினின் பக்கவாட்டில் வைப்பதை இத்தாலியில் ஃபியட்டின் டான்டே ஜியாகோசா 1964-இல் ஆட்டோபியாங்கி ப்ரிமுலாவில் செய்து காட்டினார். உலகம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஹாட்ச்பேக்கின் பானெட்டைத் திறந்தால் அந்த அமைப்பைப் பார்க்கலாம்.

கமுக்கமாகச் செய்த கார்

ஹாட் ஹாட்ச் என்ற வகைக்கே அடையாளமாக நிற்பது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. சாதாரண கோல்ஃப் 1974-இல் வந்தது; ஜியார்ஜெட்டோ ஜுஜியாரோ வரைந்த நேர்க்கோட்டு உருவம். கம்பெனிக்குள் ஒரு சிறு பொறியாளர் கூட்டம், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அதற்கு ஒரு வேகமான தம்பியைச் செய்யத் தொடங்கியது. 1975 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன், 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 182 கிலோமீட்டர். முதலில் போட்ட திட்டம் 5,000 கார். முதல் தலைமுறையில் மட்டும் விற்றது நாலரை லட்சத்துக்கும் மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் சின்னச் சின்ன அடையாளங்கள். முன் கிரில்லைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. இருக்கையில் கட்டம் போட்ட துணி. கியர் குமிழி ஒரு கோல்ஃப் பந்து. துணியும் குமிழியும் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. மற்றபடி பக்கத்து வீட்டுக்காரரின் கோல்ஃபும் இதுவும் ஒரே உடம்பு. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஸ்போர்ட்டி என்றால் கூச்சல் போட வேண்டியதில்லை என்பதை அந்தச் சிவப்புக் கோடு ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எடைதான் எல்லாம்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ஒரு காரின் துடிப்பைக் குதிரைத்திறனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் குதிரைகள் எவ்வளவு பாரத்தை இழுக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்தியை எடையால் வகுத்தால் போதும். முதல் கோல்ஃப் ஜிடிஐ 810 கிலோவுக்கு 110. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் சுமார் 136. ஜப்பானில் 2017-இல் வந்த சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோவுக்கு 140, டன்னுக்கு 144. நாற்பது வருஷ இடைவெளியில் வந்த இரண்டு கார்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. ரசிகர்களுக்கு இனிக்கும் இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

நேராக ஓடும்போது எடையைச் சக்தியால் சமாளித்துவிடலாம். 300 குதிரைத்திறன் வைத்தால் இரண்டு டன் எஸ்யூவியும் பாயும். ஆனால் பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் எஞ்சின் உதவிக்கு வராது. அங்கே வேலை செய்வது நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. அந்த நான்கு உள்ளங்கைகள்தான் மொத்த பாரத்தையும் நிறுத்த வேண்டும், திருப்ப வேண்டும். பாரம் குறைந்தால் அவற்றின் பாடு லேசு. எடை குறைந்த காருக்குச் சின்ன பிரேக் போதும், மெல்லிய டயர் போதும், சின்ன எஞ்சின் போதும். இவையெல்லாம் சிறிதாக ஆக, எடை இன்னும் குறையும். எடை கூடினால் இதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும்.

இனி மாமாவின் புத்திமதிக்கு வருகிறேன். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? காரின் எடையும் அப்படியே முன்சக்கரங்கள் மேல் போய் விழுகிறது. பின்சக்கரங்கள் லேசாகின்றன. லேசான டயருக்குப் பிடிப்பு குறைவு. நேராகப் போகும்போது இதனால் பெரிய தொந்தரவில்லை. வளைவுக்குள் இருக்கும்போது இப்படி நடந்தால், முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வெளியே போகப் பார்க்கும். பிரேக்கூட வேண்டாம், ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலே சில கார்களில் இது நடக்கும். 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ இதற்குப் பேர்போனது. பழகியவர்கள் அதைவைத்தே வளைவில் காரைத் திருப்பினார்கள்; பழகாதவர்கள் காரைத் தலைகீழாகப் பார்த்தார்கள். அந்தக் காரை இன்றும் கொண்டாடுவதற்குக் காரணம் அந்தத் துல்லியம்: நாம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் கார் பதில் சொல்லும். இன்றைய கார்களில் ஈஎஸ்பி என்ற மின்னணுக் காவல் இந்த வழுக்கலை முளையிலேயே பிடித்துவிடுகிறது. அது இருக்கட்டும், மலைச்சாலையில் அதை யாரும் அணைத்து வைக்கவே கூடாது.

முன்சக்கரம் இழுக்கும் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. இழுப்பதும் திருப்புவதும் ஒரே ஜோடி டயர். ஒரு ஆளிடம் இரண்டு வேலை கொடுத்தது போல. வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டயர் இழுப்பதிலேயே தன் பிடிப்பைச் செலவழித்துவிடும், திருப்ப மிச்சமிருக்காது. ஸ்டீயரிங் திரும்பியிருக்கும், கார் நேராகப் போகும். சக்தி கூடக் கூட இது மோசமாகும். அதனால்தான் 200 குதிரைத்திறனுக்கு மேல் போகும் ஹாட் ஹாட்ச்கள் பலவற்றில், சக்தியை இரண்டு முன்சக்கரங்களுக்கும் அளந்து பிரித்துக் கொடுக்கும் தனி டிஃபரன்ஷியல் வைக்கிறார்கள். டொயோட்டா 2020-இல் ஜிஆர் யாரிஸில் ஒரேயடியாக நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைக் கொடுத்துவிட்டது: 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, ஐரோப்பாவில் 261 குதிரைத்திறன், 1,280 கிலோ. உலக ராலிப் போட்டிக்கான விதிக்காகச் செய்த கார் அது. சாதாரண மனிதர் வாங்கக்கூடிய சின்ன காரில் இப்படி ஒன்று வரும் என்று அதற்கு முந்தைய வருஷம் வரை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நின்றாலே ஓடுவது போல

உருவத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். சின்ன காரை வரைவது பெரிய காரை வரைவதைவிடக் கஷ்டம். மனிதர்களின் உயரம் மாறுவதில்லை. அதனால் காரின் நீளம் குறையும்போது உயரம் அதே விகிதத்தில் குறையாது. கவனமில்லாமல் வரைந்தால் தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியது போல ஆகிவிடும்.

நல்ல டிசைனர் முதலில் பார்ப்பது சக்கரங்களை. சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் உடம்பு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? அது குறைந்தால் கார் பதுங்கி நிற்கும் பூனை போல இருக்கும். இது அழகுக்கு மட்டும் இல்லை. நீளமான மூங்கில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள்; கழியின் இரண்டு முனையும் நம்மை இழுக்கும். அதே எடையை உடம்போடு அணைத்துப் பிடித்தால் சுலபமாகத் திரும்பலாம். காரின் பாரமும் சக்கரங்களுக்கு வெளியே தொங்காமல் உள்ளே அடங்கியிருந்தால் மூக்கு சட்டென்று திரும்பும். மினி செய்தது அதைத்தான்.

அடுத்தது சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே உள்ள இடைவெளி. வெளிநாட்டு ஹாட் ஹாட்ச் படத்தில் அங்கே இரண்டு விரல்தான் நுழையும். நம் ஊர் காரில் கையே நுழையும். குறை சொல்லிப் பயனில்லை. வர்ணம் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் ஊருக்கு நாலு இருக்கிறது, மழை வந்தால் ரோட்டில் பள்ளம் எங்கே என்று தெரியாது. காரை உயர்த்தித்தான் ஆக வேண்டும். உயர்த்தினால் சாயும். சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் பின்னால் உட்காரும் பாட்டிக்கு முதுகு வலிக்கும். சின்ன ஸ்போர்ட்டி காரின் சஸ்பென்ஷனை நம் ரோட்டுக்கு அமைப்பவர் செய்யும் வேலை உண்மையிலேயே நுட்பமானது. நன்றாக அமைந்த காரில் போகும்போது பள்ளத்தில் ஒரு முறை 'தட்' என்று கேட்கும், அதோடு முடிந்துவிடும். மோசமாக அமைந்ததில் அந்தத் 'தட்'டுக்குப் பிறகும் உடம்பு இரண்டு மூன்று முறை ஆடும்.

நான்கு மீட்டர், 1,200 சிசி

நம் நாட்டில் ஏன் நல்ல ஹாட் ஹாட்ச் வருவதில்லை என்பதற்குப் பாதி பதில் வரிப் புத்தகத்தில் இருக்கிறது.

2006 மத்திய பட்ஜெட்டில் சின்ன காருக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். எது சின்ன கார்? நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசியைத் தாண்டக் கூடாது. அந்த இரண்டு எண்களும் நாட்டின் கார்களையே மாற்றிவிட்டன. செடான்களின் டிக்கியை வெட்டி நான்கு மீட்டருக்குள் அடைத்தார்கள். ஐ20-இன் நீளம் 3,995 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்றால் அந்தக் கோடு எவ்வளவு கறாரானது என்று புரியும்.

நீளத்தால் ரசிகர்களுக்கு நஷ்டமில்லை; ஹாட் ஹாட்ச் குட்டியாக இருப்பதுதான் நல்லது. இடித்தது சிசி. 2005-இல் ஸ்விஃப்ட் இங்கே வந்தபோது 1.3 லிட்டர், 87 குதிரைத்திறன். சுறுசுறுப்பான கார்; அதைப் பார்த்து ஓட்டுவதில் ஆர்வம் வந்தவர்கள் ஏராளம். 1,200 சிசி கோட்டுக்கு வெளியே இருந்ததால் 2010-இல் அந்த எஞ்சின் போய் 1.2 வந்தது. உலகமெங்கும் ஹாட் ஹாட்ச்சின் இதயம் 1.4, 1.6, 2.0 லிட்டர்தான். அவையெல்லாம் இங்கே கோட்டுக்கு அந்தப் பக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் அமலில் உள்ள ஜிஎஸ்டி விகிதத்தில் அந்த இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம். வெளியே போனால் 40. வரிக்கு முன் 8 லட்சம் விலையுள்ள கார் கோட்டுக்குள் இருந்தால் 9.44 லட்சம். அதே காரில் 1.4 லிட்டர் எஞ்சினை வைத்தால், எஞ்சினின் கூடுதல் செலவைச் சேர்க்காமலேயே 11.20 லட்சம். 1.4 லிட்டர் எஞ்சின் கொண்ட ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இங்கே வராததற்கு இப்படிப்பட்ட வரிக் கணக்கே பெரிய தடை என்று நினைக்கிறேன்.

தடையைத் தாண்டி முயன்றவர்களும் உண்டு. 2001-இல் ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், சுமார் 100 குதிரைத்திறனோடு வந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். 2015-இல் ஃபியட்டின் அபார்த் புன்டோ: 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், 9.95 லட்சம். காகிதத்தில் கனவு, ஆனால் வாங்கியவர்கள் சிலரே. 2016-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ-யை இறக்குமதி செய்தது: 192 குதிரைத்திறன், மூன்று கதவு, 25.99 லட்சம், ஒதுக்கியது 99 கார். அதே காசுக்குப் பெரிய எஸ்யூவி கிடைக்கும்போது, வீட்டில் என்ன சொல்லி அதை வாங்குவது? 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ-யும் வந்தது, சுமார் 53 லட்சத்துக்கு. பார்த்து மகிழலாம். ஆனால் சாமானியரின் ஸ்போர்ட்ஸ் கார் என்று பிறந்த ஒன்று அந்த விலைக்குப் போனபின் அது வேறு ஜாதி.

கோட்டுக்குள் இருந்துகொண்டே துடிப்பைக் கொண்டுவர ஒரு வழி உண்டு: டர்போ. எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். 1.0 அல்லது 1.2 லிட்டரிலேயே 1.6-இன் இழுவை கிடைக்கும். 2013-இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டரில் 105 குதிரைத்திறன் காட்டியபோது இந்தக் கதவு திறந்தது. பிறகு பலீனோ ஆர்எஸ், ஐ20 என் லைன், ஆல்ட்ராஸ் ரேசர் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அந்த வரிசையில் என் மனசுக்கு நெருக்கமானது எங்கள் கோயம்புத்தூரின் கை பட்ட ஒன்று. ரேஸ் கார்களில் ஊறிய கோவை ஜெயம் ஆட்டோமோடிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி-யைக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோவின் உடம்பில் 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், மாற்றி அமைத்த சஸ்பென்ஷன், அகலமான டயர், மேனுவல் கியர். விலை 6.39 லட்சம். அன்று ஏழு லட்சத்துக்குக் கீழே இப்படி ஒரு காரை யாரும் எதிர்பார்க்கவில்லை. எண்ணிக்கை பெரிதாக விற்கவில்லை, 2020-இல் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபோது அதோடு முடிந்தது. நண்பர் ஒருவரிடம் சிவப்பு நிற ஜேடிபி இருக்கிறது. அவினாசி சாலையில் சிக்னலில் நின்றால் யாருக்கும் அது வெறும் டியாகோ. பானெட் மேல் இருக்கும் அந்தக் காற்றுத் துளைகளைப் பார்த்து, பைக்கில் வரும் பையன் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

ஸ்டிக்கரும் சரக்கும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஷோரூமில் 'ஸ்போர்ட்' என்று பின்னால் எழுதிய ஹாட்ச்பேக் ஒன்றை டெஸ்ட் டிரைவ் கேட்டேன். கறுப்புக் கூரை, சிவப்புத் தையல், அலுமினிய பெடல். ஓட்டிப் பார்த்தால் சாதாரண மாடலுக்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. விற்பனைப் பையனிடம் "ஸ்பிரிங், டேம்பர் ஏதாவது மாத்தியிருக்காங்களா தம்பி?" என்று கேட்டேன். (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்தான் டேம்பர்.) பாவம், உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "இல்லைங்க சார், லுக் மட்டும்தான்" என்றான். ரசிகர்களின் மனத்தாங்கல் முழுக்க இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

ஆகவே புதிதாக வாங்கப் போகிறவர் உடைக்கு உள்ளே பார்க்க வேண்டும். எஞ்சின் வேறா? பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டா? சஸ்பென்ஷனைத் தொட்டிருக்கிறார்களா? டயர் என்ன? ஓட்டும்போது ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து மெல்லத் திருப்பி, கார் எப்போது பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 வரை போய்ப் பாருங்கள். அன்றாடம் நமக்கு வேண்டியது அந்த இழுவைதான், 0-விலிருந்து 100 அல்ல. ரவுண்டானாவில் ஒரு முழுச் சுற்று போங்கள். தோள் எவ்வளவு சாய்கிறது என்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இந்த அளவுகோலில் ஐ20 என் லைன் பாதி வழி வந்த கார். 1.0 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், விறைப்பான சஸ்பென்ஷன். 2021-இல் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியரோடு வந்தது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2023-இல் புதுப்பித்தபோது கிளட்ச்சோடு கூடிய 6 கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். இடது காலுக்கும் இடது கைக்கும் வேலை இருந்தால்தான் கார் நம்மோடு பேசும் என்று நினைக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஐரோப்பாவில் விற்ற ஐ20 என், லைன் என்ற வால் இல்லாதது, 1.6 லிட்டர் டர்போவில் 204 குதிரைத்திறன். அந்த ஒற்றை எழுத்துதான் உண்மையான ஹாட் ஹாட்ச்.

வெளிநாட்டிலும் இந்த வகை இன்று நெருக்கடியில்தான் இருக்கிறது. புகை விதிகள் கடுமையாகின்றன, மக்கள் எஸ்யூவிக்கு மாறுகிறார்கள். பாதுகாப்பும் வசதியும் கூடியதில் கோல்ஃப் ஜிடிஐ-யின் எடை 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. ஏர்பேக்கும் உறுதியான கூடும் உயிர் காப்பவை; அந்த எடையைக் குறைசொல்ல மாட்டேன். மின்சாரத்திலும் ஹாட் ஹாட்ச் வரத் தொடங்கிவிட்டது, ஃபிரான்சின் ஆல்பைன் ஏ290 போல. அதில் 220 குதிரைத்திறன் வரை உண்டு. எடையோ ஏறக்குறைய ஒன்றரை டன். பேட்டரி லேசாகும் நாள் வரும்போது இந்த வகைக்கு மறுபிறவி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அதுவரை நான் கேட்பது 204 குதிரைத்திறன் அல்ல. 1.2 லிட்டர் டர்போ, 130 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குள், மேனுவல் கியர், நான்கு டிஸ்க், ஆறு ஏர்பேக், ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு உரசாத உயரம். கூரையில் திறக்கும் கண்ணாடி வேண்டாம், கலர் கலராக எரியும் விளக்கு வேண்டாம், 12 அங்குலத் திரை வேண்டாம். அதற்குச் செலவாகும் காசையும் எடையையும் டேம்பரிலும் டயரிலும் போடட்டும். இதில் எதுவும் வரிக் கோட்டைத் தாண்டவில்லை. இந்த எஞ்சினுக்கான கைத்திறன் இங்கே இருக்கிறது, ஓட்டிப் பார்த்துச் செதுக்க இடமும் இருக்கிறது. ஐ20 என் லைன் செய்யும் ஹூண்டாய் தொழிற்சாலை சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில். 1990 முதல் பந்தயம் நடக்கும் சென்னை ரேஸ் டிராக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான்.